எழுது, ஓட்டு, திருத்து!

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் எங்கே தொடங்கின தெரியுமா? அன்றைய தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில். 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. 'பின்தங்கிய மாவட்டம்' என்று முத்திரை குத்தி ஓரமாக வைக்கப்பட்டிருந்த மண்ணில், கையெழுத்துப் போடவே தயங்கிய பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காசு சேர்த்தார்கள். தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்தார்கள், திருப்பி வாங்கினார்கள், தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதினார்கள். பட்டணத்திலிருந்து படித்தவர் ஒருவர் வந்து கணக்கு எழுதித் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த முறை இங்கிருந்துதான் மாநிலம் முழுவதும் பரவியது.

அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளைக் கேட்கிறேன். தம்பி, தங்கச்சி, உன் கையில் இருக்கிற போனையும் வீட்டில் இருக்கிற லேப்டாப்பையும் நீ ஆள்கிறாயா, அது உன்னை ஆள்கிறதா?

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் போட்டோ இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்றால் பிரவுசிங் சென்டர் வாசலில் போய் நிற்கிறாய். மூன்று பிடிஎஃப்பை ஒன்றாக்கக் காசு கொடுக்கிறாய். போன் நிறைந்துவிட்டது என்று தங்கையின் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழிக்கிறாய். ஒவ்வொன்றும் சின்னத் தொல்லைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் 'இது நமக்குத் தெரியாது, தெரிந்தவனிடம் போவோம்' என்று மனசுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் பார், அதுதான் பெரிய நஷ்டம். போட்டோவின் அளவைக் குறைக்க ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், ஒரு படத்தை என்ன, ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கிற படங்களையும் ஒரே அடியில் சுருக்கித் தந்துவிடும். அந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டவன் அதன்பிறகு அந்த வாசலில் நிற்க மாட்டான். மற்றவர்கள் அவன் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தருமபுரி பஸ் நிலையத்தில் பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறாய். நீயே அதில் ஒருவனாக இருக்கலாம். போ, நன்றாகச் சம்பாதி. ஆனால் நிரல் எழுதுவது சம்பளத்துக்காக மட்டுமே செய்கிற வேலை என்று யார் சொன்னது? கோடிங் என்றால் பெரிய கம்பெனி, பெரிய கோர்ஸ், பெரிய ஃபீஸ் என்று உன்னை நம்ப வைத்தது யார்? மேளம் வாசிக்கிறவர் எல்லாரும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்களா? ஆசைக்கு எழுது. உன் தொல்லையைத் தீர்க்க எழுது. ஆசைக்கு எழுதுகிறவன் கையில்தான் அந்த வித்தை தங்கும். இதை நான் அனுபவத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

ஒரு கணக்கைக் கிட்டே வைத்துப் பார்ப்போம்.

உன் அம்மா குழுவில் 10,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாதம் 1,000 ரூபாய் அசலைக் கட்டிப் பத்து மாதத்தில் முடிக்க வேண்டும். முதல் மாதம் வட்டி 100. அடுத்த மாதம் நிலுவை 9,000 ஆகிவிடுவதால் வட்டி 90. இப்படியே இறங்கிக் கடைசி மாதம் 10 ரூபாய். கூட்டிப் பார்த்தால் மொத்த வட்டி 550. இதே கடனை வெளியில் கொடுக்கிற ஒருவர், 'நானும் ஒரு ரூபா வட்டிதாம்மா' என்று சொல்லிவிட்டு, அசல் குறையக் குறையவும் முழுப் பத்தாயிரத்துக்கே கடைசி வரை வட்டி போட்டால் 1,000 ரூபாய். சொல்லும்போது இரண்டும் ஒரே வட்டிதான். கட்டும்போது 450 ரூபாய் கூடுதல்.

இதை நிரலாக எழுது. 'நிலுவை' என்று ஒரு மாறி, அதில் 10,000. 'மொத்த வட்டி' என்று இன்னொரு மாறி, அதில் பூஜ்யம். நிலுவை மிச்சம் இருக்கிற வரைக்கும் சுற்றி வரச் சொல். ஒவ்வொரு சுற்றிலும் நிலுவையில் நூற்றில் ஒரு பங்கை மொத்த வட்டியோடு சேர், நிலுவையில் 1,000 கழி. சுற்று முடிந்ததும் மொத்த வட்டியைத் திரையில் காட்டச் சொல். முடிந்தது. பத்து வரிகூட ஆகாது. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், இரண்டு சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டால் போதும். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே வேண்டுமா? முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது. அதில் திரையில் காட்டு என்பதற்கான கட்டளை 'பதிப்பி'.

பணக் கணக்கு எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துக்கொள், திரையில் காட்டும்போது மட்டும் நூறால் வகு. கணினி எண்களை இரும முறையில் வைப்பதால் 0.1, 0.2 போன்ற பின்னங்கள் அதற்குள் துல்லியமாக அடங்காது. இரண்டையும் கூட்டச் சொன்னால் 0.3-க்கு ஒரு மயிரிழை கூடுதலாகக் காட்டும். குழுக் கணக்கில் அந்த மயிரிழையும் வரக் கூடாது.

நிரலை ஓட்டு. திரையில் 550 என்று வரும். அந்த நொடியைக் கவனி. உனக்கு யாரும் மார்க் போடவில்லை. எந்தக் கல்லூரி, எந்த மீடியம், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. நீ கையால் போட்ட கணக்கும் நிரல் சொன்ன கணக்கும் ஒத்துப்போய்விட்டன. அதற்குமேல் சாட்சி எதற்கு? மேடைப் பேச்சில் ஏறுகிற தன்னம்பிக்கை மைக்கை அணைத்ததும் இறங்கிவிடும். நீயே எழுதி, நீயே ஓட்டி, நீயே சரிபார்த்த பத்து வரியில் பிறக்கிற நம்பிக்கையை உன்னிடமிருந்து ஒருவராலும் பிடுங்க முடியாது.

அதோடு நிறுத்தாதே. குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து அகர வரிசையில் அடுக்கச் சொல். 'வளர்மதி' முன்னே வரும், 'வள்ளி' பின்னே போவாள். அகராதி முறைப்படி புள்ளி வைத்த மெய் முதலில் வர வேண்டும், ஆகவே வள்ளிதான் முன்னே. ஏன் மாறியது? ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், 'ள்' என்பது தனி எழுத்து கிடையாது. 'ள' ஒன்று, அதன்பின் புள்ளி ஒன்று என இரண்டு குறிகள். அந்தப் புள்ளியின் எண் மெய்யெழுத்துகளின் எண்களைவிடப் பெரியது, அதனால் பின்னுக்குத் தள்ளுகிறது. 'தருமபுரி' என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டுப் பார். 8 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 5 என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் சரி. கணினிக்குத் தமிழ் எழுத்தை எண்ணத் தெரியவில்லை, நாம்தான் சொல்லித் தர வேண்டும். ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு அதைச் சொல்லித் தருகிறது. அதை இறக்கிப் பயன்படுத்து. பயன்படுத்திய கையோடு உள்ளே திறந்து எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று படி. திறந்து படிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

'இதெல்லாம் பெரிய ஆட்கள் செய்கிற வேலை' என்று பின்வாங்காதே. இன்று கணினியில் நீ தமிழ் படிக்கிறாய் என்றால், பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு கிடைத்த நேரத்தில் இதைச் செய்தவர்கள் அதில் பெரும் பங்கு தந்திருக்கிறார்கள். கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர். ஆய்வகத்து ரசாயனம் ஒரு பக்கம், தமிழ் எழுத்துரு இன்னொரு பக்கம். மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் எதுவும் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் இராஜாராமன் சொந்த ஆர்வத்தில் சந்திப் பிழை திருத்தும் நாவியையும் எழுத்துப் பிழை திருத்தும் வாணியையும் எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்டார்.

த. சீனிவாசனின் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கணியம் மின்னிதழை 2012 முதல் நடத்தி வருகிறவர்களில் ஒருவர் அவர். விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஸ்கேன் செய்த தமிழ் நூல்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் படம். படத்தில் தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது. பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்ய ஆள் எங்கே? அவர் ஒரு பைத்தான் நிரல் எழுதினார். அது நூலின் பிடிஎஃப்பை இறக்கும், பக்கங்களாகப் பிரிக்கும், ஒவ்வொரு பக்கத்தையும் கூகுள் டிரைவுக்கு அனுப்பி எழுத்துணரியால் எழுத்தாக மாற்றி வாங்கும், வாங்கியதை விக்கிமூலத்தின் அந்தந்தப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். புதிய கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை, இருக்கிற துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதுதான் திறமை. பொழுதுபோக்குக்கு நிரல் எழுதுகிறவனின் முழு பலமும் இந்த முடிச்சுதான். கையால் ஆயிரம் முறை செய்ய வேண்டியதைப் பார்த்ததும் 'ஒரு முறை எழுதினால் போதுமே' என்று கை பரபரக்க வேண்டும். அந்தப் பரபரப்பு உனக்கு வந்துவிட்டால் நீ நிரலாளன். பட்டம் வேண்டாம்.

1991-இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவன் ஒருவன் பொழுதுபோக்காகத் தன் 386 கணினிக்கு ஒரு இயங்குதளக் கருவை எழுதத் தொடங்கினான். லினஸ் டோர்வால்ட்ஸ். இன்று உன் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அந்த லினக்ஸ் கருதான். பொழுதுபோக்குக்கு என்ன எல்லை?

இப்போது உன் சாக்குகளுக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் இல்லையா? போன் இருக்கிறதே! எஃப்-டிராய்டு என்ற செயலித் தளத்திலிருந்து டெர்மக்ஸ் என்ற செயலியை இறக்கு. கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் பைத்தானை நிறுவு. அவ்வளவுதான், உன் போன் இப்போது நிரல் எழுதுகிற கணினி. தொடுதிரையில் தட்டக் கஷ்டமாக இருந்தால் பழைய யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை ஓடிஜி கேபிளில் மாட்டு. வீட்டில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ வந்த விலையில்லா மடிக்கணினி பரண்மேல் கிடக்கிறதா? 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளத்தைத் திறந்தே பார்க்காத வீடுகள் எத்தனையோ! சும்மா வந்த லேப்டாப்புக்குள் இருந்த தொழிற்சாலையைப் பூட்டியே வைத்துவிட்டோம். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

அதைக் கீழே இறக்கு. தூசி தட்டு. 'ஸ்லோவாகிவிட்டது, வேஸ்ட்' என்று தூக்கிப் போடாதே. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு தகடு சுழல, முனை ஒன்று அங்குமிங்கும் நகர்ந்து தேடித் தேடிப் படிக்கிறது. பெரும்பாலான தாமதம் அங்கேதான். அடிப்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி, அவை எந்த இடத்திலிருந்து வந்தன என்று ஒரு தாளில் வரைந்து அதன்மேலேயே வைத்துக்கொள். பேட்டரி இணைப்பை முதலில் எடு. ஹார்டு டிஸ்க்கை உருவிவிட்டு சுழலும் தகடு இல்லாத, அதே அளவு எஸ்எஸ்டியை அந்த இடத்தில் செருகு. லுபுண்டு மாதிரி எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து நிறுவு. தன் கையால் திறந்து மூடிய கணினியைப் பார்த்து எவனும் பயப்பட மாட்டான்.

இங்கிலீஷ் வராதா? நிரல் எழுத ஷேக்ஸ்பியர் வேண்டாம். பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஐம்பதுகூட இல்லை. பிழைச் செய்தி சிவப்பாகக் கொட்டினால் கண்ணை மூடாதே. கடைசி வரியை முதலில் படி, என்ன பிழை என்று அதில் இருக்கும். அதற்குக் கொஞ்சம் மேலே எத்தனையாவது வரியில் என்று இருக்கும். அந்த வரிக்குப் போ. பிழைச் செய்தி உன்னைத் திட்டவில்லை, இடத்தைக் காட்டுகிறது. நம்மைத் திட்டிய வாத்தியார்களின் குரலை அதில் ஏற்றிக் கேட்பதுதான் நம் பிள்ளைகளின் பிரச்சனை. அந்தக் குரலைக் கழற்றி எறி!

நேரமில்லையா? ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு உடம்பு கேட்காது, எனக்குத் தெரியும். ஆனால் படுத்தபடி ரீல்ஸ் தள்ளுகிற கைக்கு மட்டும் தெம்பு எங்கிருந்து வருகிறது? அதில் கால் மணி நேரத்தை வெட்டி எடு. போனின் அறிவிப்பு மணிகளை அணை. நேற்று விட்ட வரியிலிருந்து தொடங்கு. விடும்போதே 'நாளை இங்கே இதைச் செய்ய வேண்டும்' என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்துவிட்டு எழுந்திரு. மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அந்தக் கால் மணி போய்விடாது.

பழக்கங்களில் ஒன்றை மட்டும் நெஞ்சில் அடித்துச் சொல்வேன். பிழை நோட்டு வை. டொனால்டு க்னூத் என்ற கணினி மேதை, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியபோது, 1978 முதல் தன் பிழைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வந்தார். அதைப் பூட்டி வைக்கவில்லை. 1989-இல் உலகத்துக்கே கட்டுரையாக வெளியிட்டார். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிக்கிறவருக்கு 2.56 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். 256 சென்ட், அதாவது பதினாறைப் பதினாறால் பெருக்கிய எண். அவ்வளவு பெரிய மனிதருக்கே பிழை நோட்டு தேவைப்பட்டது! ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு திற. தேதி, என்ன பிழை, ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது. நான்கே வரி. கொஞ்ச நாளில் அதே பிழை திரும்ப வரும். அப்போது கூகுளைத் தேட மாட்டாய், உன் நோட்டைத் தேடுவாய்.

எழுதியதை இரண்டு இடத்தில் வை. ஒவ்வொரு திருத்தத்தையும் சேமித்து வைக்கிற கிட் என்ற கருவியைப் பழகு. அப்புறம், கருவிகளை மாற்றி விளையாடுவதை நிறுத்து. இந்த எடிட்டரா அந்த எடிட்டரா, கறுப்பு தீமா நீலத் தீமா என்று ராத்திரி முழுக்க அலங்காரம் பண்ணுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். மம்பட்டிக்குப் பிடி மாற்றிக்கொண்டே இருந்தால் வாய்க்கால் எப்போது வெட்டுவது? ஒரு எடிட்டரை எடு, அதன் குறுக்கு விசைகளை விரலுக்கு ஏற்று. வீடியோ பார்ப்பதைக் கற்பது என்று எண்ணி ஏமாறாதே. பார்த்ததை மூடிவிட்டு வெற்றுத் திரையில் நீயாக எழுத முடிந்தால்தான் அது உன்னுடையது.

'ஏஐ எல்லாம் எழுதித் தருகிறதே, நான் ஏன் கற்க வேண்டும்?' என்று ஒரு புதுச் சாக்கு கிளம்பியிருக்கிறது. கேள், எழுதி வாங்கு, தப்பே இல்லை. ஆனால் அது தந்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உன் தங்கைக்கு வாயால் விளக்க முடிகிற வரைக்கும் அதை உன் நிரல் என்று சொல்லாதே. மேலே போட்ட வட்டிக் கணக்கில் நிலுவையைக் கழிக்கிற ஒரே வரியை அது விட்டுவிட்டால் நிரல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 550 வர வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மட்டுமே எங்கே கோளாறு என்று தெரியும். கேள்வி கேட்கவும் விடையைச் சோதிக்கவும் தெரிந்தவனுக்கு அது நல்ல வேலையாள். தெரியாதவனுக்கு இன்னொரு பிரவுசிங் சென்டர்.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களைக் கூட்டி வைத்துக் கட்டற்ற மென்பொருள் சொல்லித் தருகிறது. விழுப்புரத்தால் முடிகிறது என்றால் நம்மால் முடியாதா? அரூரில் நான்கு பேர் சேர முடியாதா? பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடைக்காதா? எழுத வேண்டிய நிரல்கள் இந்த மாவட்டம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. பாலக்கோட்டில் தக்காளி போடுகிற விவசாயிக்குப் பெட்டிக் கணக்கு, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் கழித்துக் கையில் எவ்வளவு நிற்கும் என்று சொல்கிற நிரல் வேண்டும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் அன்றன்று போன விலையைக் குறித்து வைத்து, போன மாதத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிற நிரல் வேண்டும். மலைக் கிராமத்துக்கு எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று இணைய இணைப்பு இல்லாமலும் காட்டுகிற நிரல் வேண்டும். இவற்றைப் பெங்களூரில் இருக்கிற எந்தக் கம்பெனியும் எழுதித் தராது. அவர்களுக்கு இதில் லாபம் கிடையாது, பெட்டிக் கணக்கு என்றால் என்ன, தரகு என்றால் என்ன என்றும் தெரியாது. உனக்குத் தெரியும். வீட்டுத் திண்ணையில் அப்பாவும் மாமாவும் பேசிக் கேட்டே வளர்ந்திருக்கிறாய்.

ஒன்றை எடு. அரைகுறையாக இருந்தாலும் ஓடுகிற மாதிரி முடி. முடித்ததைக் கட்டற்ற உரிமத்தில் வெளியே வை. அடுத்தவன் எடுத்துத் திருத்தட்டும், தன் ஊருக்கு மாற்றிக்கொள்ளட்டும். பக்கத்திலேயே ஒரு விளக்கக் கோப்பைத் தமிழில் எழுதிப் போடு: இது என்ன செய்யும், எப்படி ஓட்டுவது, எது இன்னும் சரியாக வரவில்லை. எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரை முழுசாகப் போடு. அதன்கீழே ஊர்ப் பெயரையும் போடு. ஏரியூரோ, பென்னாகரமோ, காரிமங்கலமோ, மாவட்டத்து மூலையில் இருக்கிற எந்தக் குக்கிராமமோ, தமிழிலேயே போடு.